ஏரிக்குக் கீழே எத்தனை பச்சை

திருநீர்மலையில் ரங்கநாதர் சன்னதிக்கு ஏறும் படிகளில் நின்று இப்போது கீழே பார்த்தால் மொட்டை மாடிகள், கறுப்புத் தண்ணீர் டேங்குகள், பைபாஸில் வரிசையாகப் போகும் லாரிகள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அதே படிகளிலிருந்து தெரிந்தது கழனி. மதகிலிருந்து இறங்கும் வாய்க்கால், அதன் இரு பக்கமும் நெல், அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பனை, தூரத்தில் அடையாற்று மணல், மீனம்பாக்கத்தில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வரும் விமானம். மார்கழிக் கடைசியில் ஒரு கழனி பழுத்துத் தலை சாய்ந்திருக்கும். அதை ஒட்டிய கழனியில் கதிர் இன்னும் பால் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கடுத்ததில் நெல்லுக்கு வால் முளைத்து, தாளே செம்மை பாய்ந்து தெரியும். பச்சை மட்டுமே நாலைந்து விதம். யார் கழனி எது என்று மலை மேல் நின்றபடியே நாங்கள் விரல் நீட்டிச் சொல்லுவோம். வரப்பைப் பார்க்க வேண்டியதில்லை, நிறமே போதும்.

அப்பாவுக்குக் குரோம்பேட்டையில் வேலை. பள்ளிக்கூடம் லீவு விட்டால் நாகல்கேணி வழியாக, தோல் கம்பெனி வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு, அம்மா பிறந்த வீட்டுக்கு நடந்தே போய்விடுவோம். தாத்தாவுக்கு ஏரிக்குக் கீழே ஒரு காணி சொந்தம், கொஞ்சம் குத்தகை. பெரிய மிராசு ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்தக் கொஞ்ச நிலத்திலேயே மேல்கழனிக்கு ஒரு நெல், தாழக்கழனிக்கு ஒரு நெல் என்று வைத்திருந்தார். சம்பாவுக்குச் சிறுமணி, வாடன் சம்பா. சித்திரையில் விதைத்து ஆடி ஆவணியில் அறுக்கும் சொர்ணவாரிக்குக் குள்ளக்கார். மணக்கத்தை ஒரு துண்டு நிலத்தில். பழையதுக்கு ஏற்ற அரிசி ஒன்று, கல்யாணப் பந்திக்கு ஒன்று, கூரை வேய நீளமான வைக்கோல் தருவது ஒன்று. அடுத்த வீட்டுக்காரர் வேறு ஏதோ போட்டிருப்பார். விதை தீர்ந்துபோனால் கைமாற்றாக வாங்கி, அறுத்ததும் ஒரு படி கூட்டித் திருப்பிக் கொடுப்பார்கள்.

விதை பாட்டியின் பொறுப்பு. அறுப்புக்கு நாலைந்து நாள் முன்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கழனியில் இறங்குவாள். மற்றவற்றைவிட அரை ஜாண் உயர்ந்து நிற்கும் செடி, முன்னாலேயே பழுத்த செடி, உமியின் நிறம் மாறிய செடி எல்லாம் கலவன். அதைப் பிடுங்கி வரப்பில் போடுவாள். பிறகு நல்ல கதிராகப் பார்த்துத் தனியாகக் கொய்து, தனியாகத் தட்டி, மூன்று வெயில் காயவைத்து, பல்லில் ஒரு மணியை வைத்துக் கடிப்பாள். 'டக்'கென்று இரண்டாக உடைய வேண்டும். நசுங்கினால் இன்னொரு வெயில். காய்ந்ததைப் பானையில் கொட்டி, நொச்சி இலையைப் பரப்பி, வாயைச் சாணி பூசி மூடுவாள். பானைகளின் மேல் பேரெல்லாம் எழுதியிருக்காது. எழுதப் படிக்கத் தெரியாதவள், இருட்டில் கைவிட்டு அள்ளி எந்த நெல் என்று சொல்லிவிடுவாள்.

பிடுங்கிப் போட்ட கலவன்களிலும் சில சமயம் ஒன்றைத் திரும்ப எடுத்துப் பார்ப்பாள். கதிர் நன்றாக இருந்தால் அதைத் தனியாக முடிந்துவைத்து, அடுத்த பட்டத்தில் கிணற்றடியில் விதைத்துப் பார்ப்பாள். பல வருஷம் கழித்து, கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி செய்தவர்களும் இதையேதான் செய்தார்கள் என்று படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. 1912இல் அங்கே தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையத்தார் நாட்டு நெல்லிலிருந்து தேர்ந்தெடுத்து 1921இல் வெளியிட்டது ஜி.இ.பி. 24. அரசாங்கத் தாவரவியலாளரின் பதவிப் பெயரின் ஆங்கில முதலெழுத்துகள் அந்த மூன்றும். உழவர்கள் அந்த எழுத்துகளை உச்சரித்ததே இல்லை. அவர்களுக்கு அது கிச்சிலிச்சம்பா. தாத்தாவின் மேல்கழனியிலும் கிச்சிலி இருந்தது. சர்க்கார் விதைதான், ஆனால் வந்த இடத்தில் மற்ற நெல்லோடு அதுவும் ஒன்றாக இருந்தது. எதையும் விரட்டவில்லை. நாட்டு நெல் என்றால் விஞ்ஞானத்துக்கு எதிரி என்று இன்றைக்குப் பேசுகிறவர்கள் இந்தக் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் வந்தது ஐ.ஆர். காலம். 1966இல் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.ஆர். 8 என்ற குட்டை நெல்லை வெளியிட்டது. இந்தோனேசியாவின் உயரமான 'பேட்டா' நெல்லையும் தைவானின் குட்டை நெல் ஒன்றையும் சேர்த்துப் பிறந்த பிள்ளை அது. உரம் அதிகமாகப் போட்டாலும் சாயாது, எல்லாம் மணியாக விளையும். நம் பக்கத்தில் ஆடுதுறை 27ம் அதே சமயத்தில் பரவியது. வட ஆற்காட்டில் கணேசன் என்ற விவசாயி விளைச்சலைக் கண்டு தன் மகனுக்கு 'ஐ.ஆர். எட்டு' என்றே பெயர் வைத்தார். இன்றைக்கு அதைக் கேட்டுச் சிரிக்கக் கூடாது. அது அரிசிப் பஞ்ச காலம். ரூபாய்க்கு இத்தனை படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தலில் ஆட்சியையே மாற்றிய மாநிலம் இது. குரோம்பேட்டை ரேஷன் கடையில் அம்மாவோடு வரிசையில் நின்றவள் நான். ஒரு காணியில் இரட்டிப்பு விளையும் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

ஐ.ஆர். 8 அரிசி மோட்டா, வடித்தால் ருசிக்கவில்லை என்று எங்கள் வீட்டில் ஒருமுறையோடு விட்டுவிட்டார்கள். எங்கள் ஊரை வளைத்தது ஐ.ஆர். 20. சன்ன ரகம், மில்லில் நல்ல விலை, சம்பாவுக்கு ஏற்ற வயது. தாத்தா முதல் வருஷம் பாதிக் கழனியில் போட்டார். மறுவருஷம் முக்கால். கூட்டுறவுக் கடனும் உர மூட்டையும் அந்த ரகத்துக்குத்தான் சுலபமாகக் கிடைத்தன. வேறு நெல்லை எடுத்துப்போனால் வியாபாரி விலை குறைத்தார். நான் பெரிய மனுஷி ஆவதற்குள், மலைப்படியிலிருந்து பார்த்தால் ஏரிக்குக் கீழே ஒரே பச்சை. எல்லாக் கழனியும் ஒரே வாரத்தில் கதிர் தள்ளி, ஒரே வாரத்தில் பழுத்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. பாட்டியின் பானைகளில் இரண்டில் புளி ஏறியது.

புகையானை நான் முதன்முதலில் பார்த்தது அப்போதுதான். கழனி நடுவே வட்டமாக ஒரு இடம் மஞ்சளாகி, மூன்றாம் நாள் தீய்ந்துபோயிருந்தது. மாமா என்னை வரப்பில் உட்காரவைத்து, ஒரு குத்தைக் கையால் விலக்கிக் காட்டினார். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, தாளின் அடியில், எள்ளைவிடப் பெரிதில்லாத பழுப்புப் பூச்சி, ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு. தாளைத் தட்டினால் தெறித்துத் தண்ணீரில் விழுந்து, மிதந்தபடியே அடுத்த குத்துக்குத் தாவியது. மேலிருந்து பார்க்கிறவன் கண்ணுக்கு எதுவும் தெரியாது. தெரியும்போது வட்டம் விழுந்திருக்கும். பக்கத்துக் கழனியில் வேறு நெல் இருந்தால் கொஞ்சமாவது தடுமாறியிருக்கும். எங்கே தாவினாலும் அதே நெல், அதே வயது, அதே சாறு. ஒரு வட்டம் பத்து வட்டமாகி, வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டன.

மருந்து வாங்கி அடித்தார்கள். கைத் தெளிப்பானின் புகைச்சலில் மாமாவுக்கு ரெண்டு நாள் வாந்தி. பூச்சி குறைந்த மாதிரி இருந்து இன்னும் அதிகமாகத் திரும்பி வந்தது. காரணத்தை விஞ்ஞானிகளே பின்னால் கண்டு சொன்னார்கள். நெல் தாளில் திரியும் சிலந்தியும் தண்ணீர் மேல் ஓடும் பூச்சிகளும்தான் புகையானைத் தின்று அடக்கிவைத்திருந்தவை. மருந்து முதலில் அவற்றைக் கொன்றது. தாளடியில் முட்டையாக இருந்த புகையான் பிழைத்துக்கொண்டது. இந்தோனேசியா 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளை ஒரே ஆணையில் தடைசெய்தது இந்தப் பாடத்தினால்தான். அமெரிக்காவில் 1970இல் மக்காச்சோளத்துக்கு நேர்ந்ததும் இதே ஜாதிக் கதை. நாட்டின் பெரும்பங்கு கலப்பின மக்காச்சோளம் ஒரே தாய்வழியில் வந்ததால், ஒரு பூஞ்சாணம் ஒரே பருவத்தில் விளைச்சலின் ஏறத்தாழ 15 சதவீதத்தைக் கொண்டுபோனது.

இதை முன்கூட்டியே சொன்னவர் இருந்தார். பசுமைப் புரட்சியின் தந்தை என்று நாம் கொண்டாடும் எம்.எஸ். சுவாமிநாதனேதான். 1968 ஜனவரியில் வாரணாசியில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், அந்தந்த மண்ணுக்குப் பழகிய பல ரகங்களை எடுத்துவிட்டு அடுத்தடுத்த பெரும் நிலப்பரப்பில் ஒன்றிரண்டு ரகங்களை மட்டும் போட்டால் நோய் வந்து பயிர் மொத்தமாக அழியக்கூடும் என்று எச்சரித்தார். விதையைக் கொண்டுவந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்காவது இந்த எச்சரிக்கையையும் ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கலாம். எங்கள் ஊருக்கு வந்த கிராம சேவகர் விதை மூட்டையோடு வந்தார். எச்சரிக்கை வரவில்லை.

அந்த ஐ.ஆர். 20 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதன் தாய் தந்தையரில் ஒன்று டி.கே.எம். 6. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூருக்குப் பக்கத்தில் உள்ள திரூர்க்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. தண்டுத் துளைப்பானையும் இலைக்கருகலையும் தாங்கும் குணத்தை ஐ.ஆர். 20க்குக் கொடுத்தது அந்த உள்ளூர் ரத்தம். டி.கே.எம். 6இன் பெற்றோரில் ஒன்று ஜி.இ.பி. 24. அதாவது, தாத்தாவின் மேல்கழனியில் நின்ற கிச்சிலி. பிலிப்பைன்ஸ் வரை போய்த் திரும்பிய பேத்தி வந்து, பாட்டியை வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டாள்.

இது ஒருமுறை நடந்த விஷயம் இல்லை. ஐ.ஆர். நெற்களைப் புல்குட்டை வைரஸ் தாக்கியபோது, உலகம் பூராவும் சேர்த்துவைத்த ஆயிரக்கணக்கான நெல்லைச் சோதித்து, கடைசியில் எதிர்ப்பு கிடைத்தது உத்தரப் பிரதேசத்தில் குட்டை ஓரத்தில் முளைத்த 'ஒரைசா நிவாரா' என்ற காட்டு நெல்லில். வெள்ளத்தில் இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும் தலையெடுக்கும் குணம் ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்ந்த எஃப்.ஆர். 13ஏ-வில் இருந்தது. அந்த மரபணுவை ஸ்வர்ணா என்ற நெல்லுக்கு ஏற்றி 2009இல் ஸ்வர்ணா சப்-1 என்று கொடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் ஒற்றை நெல் சிக்கலில் மாட்டும். மருந்து, யாரோ ஒரு ஏழை விவசாயி விடாமல் விதைத்துவந்த நெல்லில், அல்லது யாரும் விதைக்காத புல்லில் இருக்கும். அதையும் விட்டுவிட்டால் அடுத்த தடவைக்கு எங்கே போவது? விரும்பும்போது மரபணுவை எடுக்கலாம், வெட்டலாம், ஒட்டலாம். ஆனால் இல்லாத மரபணுவை எந்தச் சோதனைச்சாலையும் உண்டாக்கிக் கொடுத்ததில்லை.

வெள்ளம் என்றதும் எங்கள் மலையைச் சொல்ல வேண்டும். திருமங்கையாழ்வார் வந்தபோது மலையைச் சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்திருந்ததாம், அது வடியும்வரை ஆறு மாதம் காத்திருந்து பெருமாளைச் சேவித்தாராம். வெளியூர்க்காரர்களுக்கு அது தல புராணம். எங்களுக்கு அது ஐப்பசி கார்த்திகை. ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் தாழக்கழனி ஒரு வாரம் கண்ணுக்கே தெரியாது. தாத்தா அங்கே குட்டை நெல்லைப் போட மாட்டார். தண்ணீரோடு போட்டி போட்டுக் கழுத்தை நீட்டும் உயரச் சம்பா ஒன்றைத்தான் போடுவார். ஐ.ஆர். 20ஐ எல்லா இடத்திலும் போட்ட பிறகு, மழை வலுத்த வருஷங்களில் அந்தத் தாழக்கழனியில் அறுக்க ஒன்றும் இருக்காது. தாத்தாவின் மறைவுக்குப் பிறகு மாமா விற்ற முதல் கழனி அதுதான். மனை போட்டார்கள். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறி முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர் எல்லாம் மிதந்தபோது, எங்கள் தாழக்கழனியில் கட்டியிருந்த வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. நெல்லுக்கு எது தாழ்ந்த இடம் என்று தெரிந்தவர்கள் ஊரில் இருந்தார்கள், மனை அங்கீகாரம் கொடுத்தவர்கள் அவர்களைக் கேட்கவில்லை.

நெல் போன வழியில் பருத்தி போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செருகி, காய்ப்புழுவுக்கு விஷம் செடிக்குள்ளேயே ஊறும்படி செய்த பி.டி. பருத்திக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. முதல் வருஷங்களில் மருந்துச் செலவு குறைந்தது உண்மை, அதை மறைத்துப் பேசுவது நியாயம் இல்லை. ஆனால் நாட்டின் பருத்தி நிலத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் அதே ஒரு வித்தையைப் போட்டால், புழுவுக்குப் படிக்க ஒரே பாடம்தான். இளஞ்சிவப்புக் காய்ப்புழு சில வருஷத்தில் படித்துவிட்டது. எங்கள் புகையானுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

கத்தரிக்காய் விஷயம் இன்னும் நெருக்கமானது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் நம் வீட்டுக் குழம்பில் கொதிக்கும் கோ 2, மதுரை 1, கிள்ளிகுளம் 1, பாலூர் 1 ஆகிய நான்கு ரகங்களில் பி.டி. மரபணுவை ஏற்றியது. 2009 அக்டோபர் 14 அன்று மத்திய அனுமதிக் குழு பி.டி. கத்தரிக்குப் பச்சைக்கொடி காட்டியது. அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஏழு நகரங்களில் மக்களைக் கூட்டிக் கேட்டார். தமிழ்நாட்டில் ஒரு கூட்டமும் இல்லை. ஆனாலும் இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வார் போன்றவர்கள் இங்கே ஊர் ஊராகப் பேசினார்கள். 2010 பிப்ரவரி 9இல் நிறுத்திவைக்கும் முடிவு வந்தது, இன்றுவரை அது நீங்கவில்லை. அன்றைக்கு நான் நிம்மதி அடைந்தேன். பி.டி. விஷம் என்று நான் நம்பியதால் அல்ல. பாட்டி போல ஒருத்தி முற்றிய காயைப் பிளந்து சாம்பலில் புரட்டிக் காயவைத்த விதைக்கு, அடுத்த கொல்லையில் பூத்த மகரந்தம் வந்து சேர்ந்தால் என்ன ஆகும், அந்த விதையைப் பற்றிய பேச்சில் அவள் எங்கே இருக்கிறாள் என்பதற்கு யாரிடமும் பதில் இல்லாததால்.

மரபணு வேலை என்றாலே கை வைக்கக் கூடாது என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் தரமணி. 1988இல் சுவாமிநாதன் அங்கே தொடங்கிய ஆராய்ச்சி நிறுவனத்தில், உப்பங்கழியில் நிற்கும் வெண்கண்டல் மரத்தின் மரபணுவை நெல்லுக்கு ஏற்றி, உப்பு மண்ணைத் தாங்குமா என்று பார்த்தார்கள். கடல் தண்ணீர் நிலத்தடியில் ஏறிக்கொண்டிருக்கும் கரையோர ஊர்களை நினைத்தால் அந்த வேலையின் அக்கறை புரிகிறது. என் கேள்வி ஆய்வுக்கூடத்தின் வாசலுக்கு வெளியே தொடங்குகிறது. நல்ல நெல் ஒன்று கிடைத்ததும் எதற்காக அதை எல்லாக் கழனியிலும் போட வேண்டும்? மருந்துக்கடை வைக்கக்கூட லைசென்ஸ் வேண்டும் என்று விதி உண்டு. ஒரு ரகம் ஒரு வட்டாரத்தில் எவ்வளவு பங்கு நிலத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்க ஓர் ஆபீஸ் இருக்கிறதா? விதையைச் சேமிக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்று 2001ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. நல்ல சட்டம். சேமிக்க விதையும் அதற்கான பானையும் ஊரில் மிச்சம் இருந்தால்தானே அந்த உரிமைக்கு வேலை?

நெல் ஜெயராமன் டெல்டாவில் ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, ஒரு விவசாயிக்கு ரெண்டு கிலோ விதை கொடுத்து, மறுவருஷம் நாலு கிலோவாகத் திரும்ப வாங்கினார் என்று கேட்டபோது, அது எங்கள் தெருவின் பழைய கைமாற்றுக் கணக்கு என்று நினைத்துக்கொண்டேன். 2018இல் அவர் போய்ச் சேர்வதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட நெல்லை மீட்டுவிட்டார். டெல்டாவில் நிலம் இருக்கிறது, அதனால் நெல் திரும்பி வர இடம் இருக்கிறது. எங்கள் ஊர் 2021இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. நெல்லைக் கொண்டுவந்து கொடுத்தாலும் மொட்டை மாடியில்தான் நட வேண்டும்.

கடைசிக் கழனியை விற்ற பணத்தில் அங்கேயே எழும்பிய அபார்ட்மெண்டில் மாமாவுக்கு ஒரு வீடு. எண்பது தாண்டிவிட்டது, காது மந்தம், பேப்பர் மட்டும் வரி விடாமல் படிப்பார். 2025 மே மாதம் மரபணுத் திருத்தம் செய்த இரண்டு நெல்லை டெல்லியில் அறிவித்த செய்தியை எனக்குப் படித்துக் காட்டியவர் அவர்தான். ஒன்றின் பெயர் கமலா. ஹைதராபாத்தில் இருக்கும் இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் செய்தது. வெளியிலிருந்து எந்த மரபணுவும் சேர்க்கவில்லை, உள்ளே இருந்ததில் ஒன்றைத்தான் திருத்தினோம், விளைச்சல் கூடும், முன்னாலேயே பழுக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

பேப்பரை மடித்துவிட்டு மாமா கேட்டார்: "இன்னா நெல்லுலேர்ந்தும்மா எடுத்தாங்க?"

"சம்பா மசூரி மாமா. கடையில பாபட்லான்னு விக்கிறானே, அது."

"அது எதுலேர்ந்து வந்துது?"

எனக்கு இது தெரியும். மலேசியாவின் மசூரி ஒரு பக்கம், தைவான் குட்டை ஒரு பக்கம், இன்னொரு பக்கம் ஜி.இ.பி. 24. நான் காதருகில் குனிந்து, "கிச்சிலி மாமா" என்றேன்.

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து ரொம்ப நாளாகிறது. "கிச்சிலியா! அது நம்ப மேல்கழனியில, களத்தாண்ட இல்ல இருந்துது? தழை அதிகமாப் போட்டா சாஞ்சுடும். நாலாவது மடையில ஒரு வருசம் நானே போட்டுப் பாத்தேன், வேலைக்காவல. அங்க களிமண்ணு. உங்க தாத்தா அப்பவே வேணாம்னாரு." கொஞ்சம் நிறுத்தி, "எழுதிக்கிறியா, வரிசையாச் சொல்றேன்" என்றார்.

நான் நோட்டை எடுத்தேன். மதகிலிருந்து ஆரம்பித்து, வாய்க்காலின் இடது கைப் பக்கம் யார் கழனி, மண் என்ன, எந்தப் பட்டத்துக்கு என்ன நெல், எந்த வருஷம் எதை விட்டார்கள் என்று மாமா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். எட்டாவது கழனியில் தடுமாறினார். சொர்ணவாரிக்கு அங்கே போட்டது குள்ளக்காரா வேறு ஏதாவதா என்று அவருக்கு நிச்சயம் இல்லை. அந்தக் கழனிக்காரர் இப்போது பம்மலில் மகள் வீட்டில் இருக்கிறாராம். அவரைக் கேட்டால் வலது கைப் பக்கம் முழுக்கச் சொல்லிவிடுவாராம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வைத்துக்கொண்டு இரண்டு பேரும் போகிறோம்.